மூன்றாவது பொட்டு

பார்கவியைப் பற்றி அவளோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் மூன்று விஷயம் சொல்வார்கள். வேலையில் சுத்தம். நேரம் தவற மாட்டாள். அநாவசியமாக வாயைத் திறக்க மாட்டாள். மூன்றையும் பாராட்டாகத்தான் சொல்வார்கள். அந்த மூன்றாவது குணம் இன்னொருத்தியை என்ன பாடு படுத்தியது என்பது அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இன்றுவரை தெரியாது.

கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் சிதம்பரத்தின் ஒரே மகள் அவள். படித்தது இயற்பியல். மேற்படிப்புக்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகருக்கு வந்தவளுக்கு அங்கேயே ஓர் ஆய்வகத்தில் வேலையும் கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தம். ஒரு கருவியை இயக்குவதுதான் வேலை. ஒரு பொருளின் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, அதில் இரும்பு இருக்கிறதா, செம்பு இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்று அந்தக் கருவி திரையில் கோடு போட்டுக் காட்டிவிடும். பொருளைச் சுரண்டவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். அதனால் பல ஊர் அருங்காட்சியகங்கள் தங்கள் பழம்பொருள்களைப் பெட்டியில் போட்டு இங்கே அனுப்பும். பார்கவிக்கு அந்தக் கருவியின் மேல் தனிப் பிரியம். அதன் தலைப்பகுதி தாழ்ந்து, கீழே வைத்த பொருளை மோந்து பார்க்கிற மாதிரி நிற்கும்.

இத்தனை பிரியமான மெஷினுக்கு ஆயுத பூஜையன்று பொட்டு வைக்காமல் இருக்க முடியுமா? பட்டறையில் வளர்ந்தவளால் முடியாது. அங்கே அன்றைக்கு நாலு லேத்தையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, விபூதிப் பட்டை அடித்து, சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். மெஷின் அன்றைக்கு ஓடாது. மறுநாள் விஜயதசமியன்று ஒரே ஒரு உருப்படியையாவது கடைந்து வேலையைத் தொடங்கிவிட வேண்டும். வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். எண்ணெயிலும் சூட்டிலும் அதுவாகப் போனால்தான் உண்டு.

ஆக, வருடா வருடம் சகாக்கள் எல்லோரும் மதியம் கான்டீனுக்குப் போன நேரம் பார்த்து, ஊரிலிருந்து வந்த குங்குமப் பொட்டலத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, கருவியின் தலையில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, அடியில் ஒன்று என்று சந்தனத்தின் மேல் மூன்று பொட்டு வைப்பாள். சாயங்காலம் துடைத்துவிடுவாள். மூன்று வருடம் இப்படி ஒன்றும் நடக்காமல் போயிற்று. நாலாவது வருடம்தான் வினை.

அந்த வருடம் ஆயுத பூஜை அக்டோபர் முதல் தேதி, புதன்கிழமை. அன்று பிற்பகல் எசன் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றின் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. பெட்டியோடு அங்கே பழம்பொருள்களைச் சுத்தம் செய்து பராமரிக்கும் பெண்மணியும் வந்திருந்தாள். ஐம்பத்தேழு வயது, கட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் சின்னச் சிலுவை. ஜெர்மன் மொழியில் வணக்கம் சொல்லிக் கையெழுத்து வாங்கியவள், மேசையில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள்.

"நீங்கள் தமிழோ பிள்ளை? நான் றீற்றா. யாழ்ப்பாணம், பாசையூர். இஞ்ச வந்து முப்பத்தெட்டு வருசமாச்சு."

பார்கவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆய்வகத்தில் தமிழ் கேட்டு எத்தனை நாளாயிற்று. பெட்டியை இருவருமாகத் திறந்தார்கள். உள்ளே பஞ்சு மெத்தையில் பன்னிரண்டு சுடுமண் கூம்புகள் படுத்திருந்தன. ஒரு சாண் நீளம், ஒரு பக்கம் கூர், மறுபக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டை. தட்டையான முகத்தில் ஈர மண்ணில் அச்சு குத்திப் பதித்த எகிப்திய எழுத்து. பன்னிரண்டிலும் ஒரே அச்சு. அங்கங்கே பழைய சிவப்புப் பூச்சு ஒட்டியிருந்தது.

"இவர் ஒரு அதிகாரி. களஞ்சியத்தில எழுத்தர் வேலை, பேர் நெப்செனு," என்றாள் றீற்றா. "மூவாயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்தின ஆள். செத்தாப் பிறகு கல்லறை வாசலுக்கு மேல இதுகளை வரிசை வரிசையா மண்ணுக்குள்ள செருகுவினம். இந்த முகம் மட்டும் வெளியில தெரியும். போறவாறவை எல்லாரும் ஆள் ஆர், என்ன பதவி எண்டு வாசிக்கட்டும் எண்டு."

"அந்தக் கல்லறை இப்பவும் இருக்குங்களா அக்கா?"

"ஆருக்குத் தெரியும்? இண்டைக்குவரைக்கும் ஒருத்தற்ர கண்ணிலயும் ஆப்பிடேல்லை. பேர் மட்டும் பெட்டி பெட்டியாக் கிடக்குது."

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தக் கூம்புகளைச் சுத்தம் செய்தது அவள்தான். பத்து வருடத்துக்கு முன்னால் வேறோர் ஆய்வகத்தில் சோதித்தபோது சிவப்பில் இரும்பு மட்டும் தெரிந்தது, அதாவது வெறும் காவி மண். இப்போது புதுக் கண்காட்சிக்காக இன்னொரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவளின் கண் கருவியின் தலையில் போய் நின்றது. இரண்டு பக்கமும் சந்தனம், குங்குமம். குனிந்து பார்த்தாள். அடியிலும் ஒன்று.

"இண்டைக்கு ஆயுத பூசையோ?" என்று சிரித்தாள். "எங்கட ஆக்கள் எங்க போனாலும் விடமாட்டினம். நாளைக்குக் கூம்பை வைக்க முதல் துடைச்சுப் போடுங்கோ, என்ன?"

"கண்டிப்பா அக்கா," என்றாள் பார்கவி.

றீற்றா உள்ளே மீன் வைத்து வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த பற்றிஸில் நாலைக் கொடுத்து, கைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் எழுதிக் கொடுத்து, எசனுக்கு வந்தால் வீட்டுக்கு வராமல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் புறப்பட்டாள்.

மறுநாள் காலை ஏழரைக்கே, அவள் ஆய்வகத்தில் நுழையும்போதே அப்பா கூப்பிட்டார். "மெஷினுக்குப் பொட்டு வெச்சியா கண்ணு? இன்னிக்கு விஜயதசமி. நல்ல நாள்ல ஒரு வேலையத் தொட்டுரு." சரிப்பா என்று போனை வைத்துவிட்டு, பெட்டி வந்த அமர்க்களத்தில் முந்தின சாயங்காலம் விட்டுப்போன பொட்டுகளைத் துடைக்கத் தாளை எடுத்தாள். இடப்பக்கப் பொட்டைத் துடைத்தாள். வலப்பக்கத்தைத் துடைத்தாள். அடியில் இருந்ததைத் துடைக்கக் கை போனது, நின்றது. வேலை தொடங்கும்போது ஒரு பொட்டுகூட இல்லாமல் மெஷினை மூளியாக விடுவதா? அடியில்தானே இருக்கிறது, யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது? சாஸ்திரத்துக்கு அது மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். இப்படி நினைத்துத்தான் விட்டாள். றீற்றாவிடம் கண்டிப்பா என்று சொன்ன வாய் ஈரம் காயவில்லை. படித்த பெண் செய்கிற காரியமா இது என்று கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் பட்டறைக்காரன் மகள் செய்கிற காரியம்தான்.

அன்று நாலு கூம்புகளைப் பார்த்தாள். மறுநாள் நாடு முழுக்க விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. திங்களன்று வந்து மிச்சம் எட்டையும் பார்த்தாள். மாதக் கடைசியில் அறிக்கை போயிற்று. பன்னிரண்டில் மூன்று கூம்புகளின் சிவப்பில் ஈயம் இருக்கிறது, அது பண்டைய பூச்சாக இருக்க வழியில்லை, பிற்காலத்தில் யாரோ தொட்டுப் பூசியிருக்கிறார்கள். திரை காட்டியதை அப்படியே எழுதினாள். கீழே அவள் பெயர்.

நவம்பர் பதின்மூன்றாம் தேதி துறைத் தலைவர் ஒரு மின்னஞ்சலை அவளுக்கு அனுப்பியிருந்தார். அருங்காட்சியகத்திலிருந்து வந்த நன்றிக் கடிதம். முடிவு மிகத் தெளிவாக இருக்கிறது, பத்து வருடத்துக்கு முன் இல்லாத ஈயம் இப்போது இருக்கிறது, இடையில் அந்தக் கூம்புகளைத் தொட்டவர் ஒருவரே, பதிவேட்டில் சிவப்பைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறார், அவரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றிருந்தது. பாராட்டு என்று தலைவர் மேலே ஒரு வரி சேர்த்திருந்தார்.

அந்த ஒருவர் றீற்றா அக்கா என்று பார்கவிக்குப் புரிந்தது. அறிக்கையை மறுபடி எடுத்தாள். அதில் கூம்புகள் அருங்காட்சியகத்து எண் வரிசையில் இருந்தன. ஈயம் இருந்தவை இரண்டு, ஏழு, பதினொன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. அவற்றைத் தான் பார்த்த நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தாள். வியாழன் முதலாவதாக வைத்தது பதினொன்று, அதில் ஈயம் அதிகம். அடுத்து இரண்டு, அதில் பாதி. அடுத்து ஏழு, அதில் லேசாக. நாலாவதில் இல்லை. திங்களன்று பார்த்த எட்டிலும் இல்லை. கருவியின் அடியில் குனிந்து பார்த்தாள். பொட்டு இருந்த இடத்தில் சந்தனம் வெடித்து உதிர்ந்து, ஓரத்தில் ஒரு வளையம் மட்டும் மிச்சம் இருந்தது.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கைப்பையிலிருந்த குங்குமத்தை ஒரு சிட்டிகை எடுத்துக் கருவிக்கடியில் வைத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஈயத்தின் கோடு திரையில் உச்சிவரை போய் நின்றது. நெற்றியில் வைக்கிற குங்குமத்தில் எவனோ நிறத்துக்காக ஈயச் சிவப்பைக் கலந்து பொட்டலம் கட்டியிருக்கிறான். பார்கவி தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்போதே எழுந்து தலைவர் அறைக்குப் போயிருக்க வேண்டும், பத்தடி தூரம். அவள் போகவில்லை. டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பு விண்ணப்பம் தலைவர் மேசையில் இருக்கிறது. இந்த நாட்டில் தங்கும் அனுமதி அந்த ஒப்பந்தத்தோடு ஒட்டியது. இரண்டரைக் கோடி ரூபாய் கருவிக்குப் பொட்டு வைத்தேன் என்று ஜெர்மானியரிடம் எந்த வாயால் சொல்வது? காட்டுமிராண்டி என்று நினைக்க மாட்டார்களா? இதற்குப் பிறகு இங்கே இன்னொரு தமிழ்ப் பிள்ளையை வேலைக்கு எடுப்பார்களா? விசாரணைதானே நடக்கிறது, றீற்றா அக்கா செய்யவில்லை என்று சொல்வாள், அவர்களும் விட்டுவிடுவார்கள். இப்படித் தினமும் ஒரு சமாதானம். இந்தக் காரணங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் எல்லாம் சேர்ந்தும் காரணமில்லை, அவளுக்கே அது தெரியும். அப்பா கூப்பிட்டால் வேலை அதிகம் என்று வைத்துவிடுவாள்.

டிசம்பர் ஐந்தாம் தேதி இன்னொரு மின்னஞ்சல் வந்தது. சம்பந்தப்பட்டவர் தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டு வேலையிலிருந்து விலகிவிட்டார், விஷயம் முடிந்தது. தலைவர் கதவருகே நின்று, அவள் நீட்டிப்புக்குத் தான் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

பார்கவிக்கு ஒன்றும் புரியவில்லை. செய்யாத தப்பை ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? இனி அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்தபோது ஒரு கணம் உடம்பு லேசானது. லேசானதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. மறுநாள் சனிக்கிழமை காலை முதல் ரயிலில் எசனுக்கு ஏறினாள்.

நாலாவது மாடியில் வீடு. கதவைத் திறந்த றீற்றா இரண்டு மாதத்தில் இளைத்திருந்தாள். "வாங்கோ பிள்ளை, உள்ளுக்கு வாங்கோ. சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறியள்," என்று மெய்யான சந்தோஷத்தோடு கையைப் பிடித்தாள். மாதா படத்துக்குக் கீழே சோபா. குளிர்பெட்டியின் மேல், சமையலறைக் கதவில், மின்விளக்குச் சுவிட்ச் பக்கத்தில் எல்லாம் மஞ்சள் தாள்கள் ஒட்டியிருந்தன. அடுப்பு நிப்பாட்டினதோ. திறப்பு எடுத்தாச்சோ. மிதுசாவுக்கு ஞாயிறு போன்.

தேநீர் வந்தது. பார்கவி கோப்பையைத் தொடவில்லை. "அக்கா, அந்த ஈயம் நீங்க பூசினதில்லை. என் குங்குமம். அடியில இருந்த பொட்டை மட்டும் நான் துடைக்கலை. அது உதிர்ந்து கூம்புல விழுந்திருக்கு. குங்குமத்தை மெஷின்ல வெச்சுப் பார்த்துட்டேன், அதே ஈயம்." ரயிலில் ஐம்பது தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

றீற்றா தன் கோப்பையை மேசையில் வைத்தாள். "அப்ப நான் பூசேல்லை," என்றாள்.

"இல்லைங்கக்கா. நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"நான் இல்லை எண்டுதான் சொன்னன். ரெண்டு கிழமையாச் சொன்னன். பிறகு கூம்பைக் கொண்டுவந்து மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ வைச்சினம். நானே பாத்தன். எழுத்துக் கீறலுக்குள்ள புதுச் சிவப்பு, குறுணி குறுணியா. வேற ஒருத்தரும் தொடேல்லை. அப்ப நான்தானே?" அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "என்ர அம்மா கடைசி நாலு வருசம் என்னையே ஆரெண்டு கேட்டவ. எனக்கும் அதுதான் துவங்கிட்டுது எண்டு நினைச்சன். செய்ததை மறந்துபோய், செய்யேல்லை எண்டு சத்தியம் பண்ணுறன் எண்டு நினைச்சன். டொக்டரிட்டப் போய் ஞாபகச் சோதினைக்கு நாள் குறிச்சு டெர்மீன் எடுத்திருக்கிறன். மகள் மிதுசாவிட்டக் கார்த் திறப்பைக் குடுத்திட்டன், இனி ஓடுறேல்லை எண்டு."

பார்கவி சுவரில் இருந்த மஞ்சள் தாள்களைப் பார்த்தாள். அந்தத் தாள்கள் ஒவ்வொன்றும் தன்னால் ஒட்டப்பட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. வேலையைப் பறித்தோம் என்று நினைத்துத்தான் வந்தாள். பறித்தது இதை என்று நினைத்துப் பார்க்கவில்லை.

"எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?" என்றாள் றீற்றா.

நேற்று என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "நவம்பர் பதிமூணு," என்றாள் பார்கவி. "இருபத்து மூணு நாள் ஆச்சு."

"நான் அதே மாசம் இருபத்து நாலாந் திகதிதான் அந்தக் கடிதத்தில ஒப்பம் வைச்சனான்."

இருவருக்கும் கணக்குத் தெரிந்தது. இடையில் பதினொரு நாள். கீழே தெருவில் ட்ராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போயிற்று.

"ஒண்டு சொல்லட்டோ பிள்ளை?" றீற்றாவின் குரல் தணிந்துதான் இருந்தது. "உங்கட பொட்டை நான் கண்டனான். அதுவா இருக்குமோ எண்டு எனக்கும் வந்தது. ஒருநாள் முழுக்க அதைத்தான் யோசிச்சன். எங்கட டைரக்டரிட்டச் சொல்லுவமோ எண்டு அவற்ர கதவுவரைக்கும் போனன். பிறகு நினைச்சன், அப்பிடியெண்டால் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கும். எங்கட பிள்ளை, பேசாமல் இராது. பிழை என்னிலதான் எண்டு திரும்பி வந்திட்டன்."

பார்கவிக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள். என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா என்று சொல்ல வாயெடுத்தாள். றீற்றா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது பிறகு. இப்ப எழுதுங்கோ. உங்கட தலைவருக்கும் எழுதுங்கோ, எங்கட டைரக்டருக்கும் எழுதுங்கோ. உங்கட ஜெர்மன் காணாது, நான் திருத்திறன்."

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து எழுதினார்கள். பொட்டு என்பதற்கு ஜெர்மனில் என்ன எழுதுவது என்று பார்கவி தயங்கியபோது, பூசைக்கு மெஷினில் வைத்த சிவப்புப் பொடி என்று றீற்றா எளிதாக எழுதவைத்தாள். நேர வரிசைப் பட்டியலையும் குங்குமத்தின் அளவீட்டையும் இணைத்தார்கள். கடைசிப் பத்திக்கு வந்ததும் பார்கவியின் விரல் நின்றது. அண்மையில் கண்டுபிடித்தேன் என்று எழுதியிருந்தாள்.

"திகதியைப் போடுங்கோ," என்றாள் றீற்றா.

"அக்கா, அதைப் போட்டா என் கான்ட்ராக்ட் போயிடும்."

"ஓம். போகும்."

அவ்வளவுதான் சொன்னாள். பழி வாங்கும் குரலில்லை, கெஞ்சலுமில்லை. பார்கவி அண்மையில் என்ற சொல்லை அழித்தாள். நவம்பர் பதின்மூன்று என்று எழுதினாள். அதற்குக் கீழே தன் முழுப் பெயரையும் பதவியையும் எழுதினாள். அனுப்பிவிட்டு மடிக்கணினியை மூடினாள்.

றீற்றா எழுந்துபோய்ச் சுவிட்ச் பக்கத்திலிருந்த மஞ்சள் தாளை உரித்தாள். கதவிலிருந்ததை உரித்தாள். எல்லாவற்றையும் உள்ளங்கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலருகே நின்றாள். பிறகு தெருவைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.

"பதினோராம் நம்பர்க் கூம்பு. முதல் நாள் படம் எடுத்தன். பிறகு காய்ஞ்ச தூரிகையால தூசி தட்டினன், கூரிலயிருந்து முகத்துக்கு. கீறலுக்குள்ள கிடந்த மண்ணை மூங்கில் குச்சியால எடுத்தன். இடப்பக்க ஓரம் ஒரு வெடிப்பு. அதுக்குப் பசை ஒரு துளி. சிவப்பு நிண்ட இடத்தில குச்சிகூடப் படேல்லை." அவள் நிறுத்தி, கண்ணை மூடி, மறுபடி பார்த்தாள். "ஓம். படேல்லை. நான் சிவப்பைத் தொடேல்லை."

பார்கவி தலையாட்டினாள்.

"சொல்லுங்கோ பிள்ளை," என்று றீற்றா திரும்பினாள். "நீங்கள் சொல்லி நான் கேக்கவேணும்."

"நீங்க சிவப்பைத் தொடலைங்கக்கா."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

பார்கவி இன்னொரு முறை சொன்னாள்.